மாசிலாமணி வீட்டு கிரில் கேட்

"நாளைக்கு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடாதீங்க, உபதேசியாரே."

மாசிலாமணி இதைச் சொன்னபோது உபதேசியார் தீமோத்தேயு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

மறுநாள் அசனப் பண்டிகை. ஊர் மொத்தமும் கோயிலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அந்த ஊரில் கோயில் என்றால் சர்ச், ஐயர் என்றால் பாதிரியார், உபதேசியார் என்றால் அவருக்குத் துணையாக ஊழியம் செய்கிறவர். வளாகம் முழுக்கக் கிடாரங்களைக் கவிழ்த்துப் போட்டுச் சாம்பல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் சொன்னது விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மாசிலாமணி திரும்பச் சொன்னார்.

"விழுந்துச்சு" என்றார் உபதேசியார். "ஏன்?"

"பொய் சொல்ல முடியல."

"என்ன பொய்?"

"குடியிலேர்ந்து விடுதலை ஆயிட்டேன்னு சொல்றேன்ல, அது."

பூண்டு உரித்த கை நின்றது.

"குடிக்கிறீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஒரு மடக்கு?"

"ஒரு சொட்டு இல்ல."

"பொறவு என்ன பொய்?"



மாசிலாமணி வெல்டர். அந்த வட்டாரத்தில் கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி என்று எதை எடுத்தாலும் அவர் அடித்ததுதான். கை சுத்தம். ஆனால் ஒரு காலத்தில் அவரைப் போலக் குடித்தவர் கிடையாது. அவருடைய அம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் குப்புற விழுந்து கிடந்தார். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் மகனைத் தாண்டித்தான் தாயை உள்ளே கொண்டுபோனார்கள். இதை ஊரில் யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. யாரும் மறக்கவும் இல்லை.

அப்புறம் விட்டுவிட்டார். ஒரேயடியாக.

அதனால் ஒவ்வொரு அசனத்துக்கும் அவரைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். அவர் எழுந்து நின்று, கர்த்தர் என் கட்டை அவிழ்த்துவிட்டார் என்பார். பெண்கள் அழுவார்கள். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். பிறகு கறிச்சோறு.

"என் வீட்டுக்காரி ஞானப்பூ என்னைப் பூட்டி வச்சிருக்கா" என்றார் மாசிலாமணி.

"என்னது?"

"வெயில் இறங்கினா பூட்டுவா. விடிஞ்சா திறப்பா. நான்தான் பூட்டச் சொன்னேன். வராந்தா முழுக்க கிரில் போட்டு, கேட் வச்சு, நானே அடிச்சேன். பின்வாசலைச் செங்கல் வச்சு அடைச்சாச்சு. விட்ட நாள்லேர்ந்து இப்படித்தான். ஊருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சீக்கிரமே படுத்துருவாங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கு."

"சாவி?"

"அவ இடுப்புல."

உபதேசியார் அடுத்த பூண்டை எடுத்தார்.

"அப்படின்னா நாளைக்கு அவங்களைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிடணும்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"கேலி பண்ணாதீங்க. உங்களுக்கென்ன, குடிச்சிருந்தா தெரியும்."

"குடிச்சதில்ல."

"அதான். ஐயர்கிட்டப் போயிருப்பேன். அவரு பெரியவரு, தலையில கை வச்சு ஜெபம் பண்ணி அனுப்பிருவாரு. நீங்க என் தம்பி வயசுகூட இல்ல. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஏதாவது சொல்லுவீங்கன்னு உங்ககிட்ட வந்தேன்."

"என்ன தெரியணும் உங்களுக்கு?"

"அந்தப் பூட்டு இல்லாட்டி நான் யாரு? அது தெரியணும். பழைய மாசிலாமணிதான்னா, நான் கோயில்ல நின்னு சொன்னதெல்லாம் பொய். ஒரு தடவை இல்ல, வருஷா வருஷம்."

உபதேசியார் பூண்டுச் சுளகை அவர் பக்கம் தள்ளினார்.

"உரிங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"பாதி மூட்டை கிடக்கு அண்ணாச்சி. உரிங்க."

உரித்தார்கள். மூட்டை தீர்கிற வரைக்கும் உபதேசியார் வாயைத் திறக்கவில்லை. மாசிலாமணிக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. எழுந்தபோது உபதேசியார் சொன்னார்:

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

"சாயங்காலம் பூட்டியிருக்கும்."

"அதான் வரேன்."

"இன்னைக்கு வேண்டாம். சனிக்கிழமை. லாசர் வருவான்."

"யாரு, சென்ட்ரிங் லாசர் அண்ணாச்சியா?"

"அவன்தான். இந்தப் பூட்டு விஷயம் அவனுக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கினா பாட்டிலோட வந்து கேட்டைத் தட்டிக் காட்டிட்டுப் போவான். அவனுக்கு அது ஒரு விளையாட்டு."

"உங்களுக்கு?"

மாசிலாமணி சைக்கிளை எடுத்தார்.

*

வெயில் இறங்கியது.

ஞானப்பூ சங்கிலியை எடுத்துக் கேட்டின் கம்பியிலும் பக்கத்துக் கம்பியிலும் சேர்த்துச் சுற்றினாள்.

"கோயிலுக்கு அரிசி பொறுக்கப் போறேன். சோறு மூடி வச்சிருக்கேன். குழம்பைச் சுட வச்சுக்கோங்க."

"தீமோத்தேயு வருவாரு."

"எதுக்கு?"

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவள் கை சங்கிலியிலேயே நின்றது. "இத்தனை நாள் மூடி வச்சேன். ஊரு சிரிக்கும்."

"பொய் சொல்லிச் சொல்லி என் வாயே எனக்கு நாறுது, ஞானப்பூ."

"நாறட்டும். சாராயம் நாறலல்ல. அது போதும் எனக்கு."

அவள் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. இன்னொரு தடவை விழுந்தால் திருப்பூரில் இருக்கிற மகனிடம் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அப்படிச் சொன்னால் செய்துவிடுகிற ஆள். அதனால்தான் தினமும் அவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி "ஊதுங்க" என்பாள், ரோட்டில் போலீஸ்காரர் கேட்கிற மாதிரி. மூக்கைக் கிட்டக் கொண்டுவருவாள். ஊதினால்தான் உள்ளே விடுவாள்.

பூட்டைப் போட்டாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். எப்போதும் இழுத்துப் பார்ப்பாள். மாசிலாமணிக்கு அந்த ஓர் இழுப்பில்தான் நெஞ்சு அடங்கும். ராத்திரி ஜெபத்தில்கூட அவ்வளவு அடங்காது.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அது வந்தது. தினமும் வருவதுதான். தொண்டைக்குள் யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி. தண்ணீர் குடித்துப் பார்த்தார். புளியங்கொட்டையை வாயில் போட்டு உருட்டிப் பார்த்தார். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நடக்கும்போது பூட்டைப் பார்ப்பார், சங்கிலியைப் பார்ப்பார், கம்பிகளைப் பார்ப்பார். கேட்டைத் தாங்குகிற கீல்களை மட்டும் பார்க்க மாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

உபதேசியார் வந்தார். கேட்டுக்கு வெளியே கிடந்த இரும்பு ஆங்கிள் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"ஜெயில்ல மனு போட்டுப் பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்றார்.

"நல்லாப் பாருங்க."

"சுத்தமா அடிச்சிருக்கீங்க. கோயில் கேட்டுக்கு இவ்வளவு அழகு கிடையாது."

"கோயில் கேட்டுக்குக் கூலி கிடையாது."

உபதேசியார் சிரித்தார். பிறகு சும்மா இருந்தார். அவர் சும்மா இருப்பது மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை.

"ஏதாவது சொல்லுங்க, உபதேசியாரே. இப்பதான் ஏறுற நேரம்."

"என்ன சொல்ல?"

"வசனம் ஏதாவது."

"உங்களுக்குத் தெரியாத வசனமா? பாதிச் சுவிசேஷம் மனப்பாடம்."

"தெரியும்."

"இந்த நேரத்துல சொல்லிப் பார்த்ததுண்டா?"

"சொல்லியிருக்கேன்."

"கேட்டுச்சா?"

"பூட்டுதான் கேட்டுச்சு."

அந்த நேரத்தில் தெரு முனையில் மொபெட் சத்தம் வந்தது. மாசிலாமணியின் கை கம்பியைப் பிடித்தது.

"வந்துட்டான்."

லாசர் வண்டியை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். பாதி போதை. உபதேசியாரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு வாயெல்லாம் பல்.

"ஏலே மாசி! இன்னைக்குக் காவலுக்கு ஆள் போட்டிருக்கா உன் வீட்டம்மா?"

"போலே அங்கிட்டு."

"தோத்திரம், உபதேசியாரே. கோச்சுக்காதீங்க. ஐயரு பிரசங்கத்துல சோதனைன்னு ஒண்ணு சொல்லுவாருல்ல, அது நான்தானா?"

"இருக்கலாம் அண்ணாச்சி" என்றார் உபதேசியார். "உக்காருங்க."

லாசர் இதை எதிர்பார்க்கவில்லை. விரட்டுவார் என்று நினைத்திருந்தார். கொஞ்சம் தள்ளாடி, இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்தார். கம்பியில் தட்டினார். டிங், டிங்.

"கேக்குதா மக்கா?"

மாசிலாமணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனக்கென்ன, உள்ள நிம்மதியா இருக்கே. நான்தான் அநாதை. தனியாக் குடிச்சுக் குடிச்சு எனக்கே சலிச்சுப்போச்சுல. சத்தியமா. பேச ஆளில்ல."

"அப்ப விட்டுரு."

"உன்னை மாதிரியா? கூண்டுக்குள்ள உக்காந்துக்கிட்டா? இது விட்டதா? பூட்டிப் போட்டா என் வீட்டு நாயும்தான் குடிக்காது."

மாசிலாமணி வெடுக்கென்று திரும்பினார். முகம் கறுத்துவிட்டது. காலையில் அவர் பூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டது இதையேதான். ஆனால் லாசர் வாயிலிருந்து வந்தபோது வேறு மாதிரி சுட்டது.

"பூட்டு இல்லாட்டியும் குடிக்க மாட்டேன்" என்றார். அவருக்கே அது பொய்யாகக் கேட்டது.

"அப்படியா? உபதேசியார் சாட்சி. பார்ப்போம்."

லாசர் குனிந்தார். கம்பிக்கு நடுவே கையை விட்டுப் பாட்டிலை உள்ளே வைத்து ஓர் உருட்டு உருட்டினார்.

அது உருண்டு வந்து மாசிலாமணியின் கால் பக்கம் நின்றது.



"எடுலே" என்றார் மாசிலாமணி.

"கை எட்டாது மக்கா."

"எடுலேங்கிறேன்!"

லாசர் கையை விட்டுப் பார்த்தார். உண்மையிலேயே எட்டவில்லை. அவருடைய சிரிப்பும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"உபதேசியாரே."

"சொல்லுங்க."

"எதையாவது விட்டு அதை வெளிய இழுங்க. கம்பு கிம்பு இருக்கும்."

உபதேசியார் அசையவில்லை. "நீங்க குனிஞ்சா எடுத்துறலாமே அண்ணாச்சி. எடுத்து வெளிய வீசுங்க."

"எடுத்தேன்னா வீச மாட்டேன்."

"உதைச்சு விடுங்க."

"உடையும். உடைஞ்சா வாசம் வரும். வாசம் வந்தா நான் காலி."

"உள்ள போயிக் கதவைச் சாத்திக்கோங்க."

"சாத்திட்டு? அது இங்கேயே கிடக்கும். ஞானப்பூ வர்ற வரைக்கும் கிடக்கும். நானும் அதுவும் ஒரே பூட்டுக்குள்ள. உங்களுக்குப் புரியலையா?"

அவருக்கு வேர்த்துக்கொட்டியது. அந்தச் சின்னப் பாட்டில் வராந்தாவையே அடைத்துக்கொண்டு கிடந்த மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற சரக்கு தெரிந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் லேசாக ஆடி அடங்கிக்கொண்டிருந்தது. தொண்டையில் சுரண்டல் இப்போது நெஞ்சு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு மடக்கு. யாருக்குத் தெரியும்? இவர்கள் இரண்டு பேருக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? நாளைக்கு எப்படியும் சாட்சி சொல்லப்போவதில்லை. முட்டி தானாக மடங்கியது. மடங்கினதை அவரே பார்த்தார்.

"வெளிய விடுங்க என்னை!"

கேட்டைப் பிடித்து உலுக்கினார். சங்கிலி கிடந்து அடித்தது.

"பூட்டை உடைங்க! ஏலே லாசரு, கல்லை எடுத்து உடைலே!"

"நீ அடிச்ச கேட், நீ வாங்கின பூட்டு. கல்லுக்கா உடையும்?" லாசர் பின்னுக்கு நகர்ந்தார். போதை இறங்கியிருந்தது. "மாசி, சும்மா விளையாட்டுக்குத்தாம்ல..."

"ஞானப்பூவைக் கூட்டிட்டு வாங்க, உபதேசியாரே. ஓடுங்க."

"ஓடுறேன்" என்றார் உபதேசியார். எழுந்திருக்கவில்லை. "நான் போயிட்டு வர்றதுக்குள்ள?"

மாசிலாமணி பாட்டிலைப் பார்த்தார். உபதேசியாரும் பாட்டிலைப் பார்த்தார்.

அப்போதுதான் மாசிலாமணி தலையைத் திருப்பினார். பூட்டு இருந்த பக்கம் இல்லை. கேட்டின் மறுபக்கம்.

கீல்கள்.

கேட்டுக்குக் கீழே கையைக் கொடுத்தார். தோளை நடுக்கம்பியில் முட்டுக் கொடுத்தார். துரு பிடித்திருந்தது. முதல் தூக்குக்கு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தூக்கு. கிரீச்சென்று ஒரு சத்தம். கேட் மொத்தமாக மேலே எழும்பி, கீல் முனைகளிலிருந்து கழன்று, வெளிப்பக்கம் சாய்ந்தது. லாசர் துள்ளி விலகினார். கேட் தரையில் விழாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

மாசிலாமணி வெளியே வந்தார். தெருவில் நின்றார்.

மூச்சு வாங்கியது. புறங்கையில் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. அந்த நேரத்தில் அந்தத் தெருவை அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. யாரோ டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தது.

உபதேசியார் எழுந்து போய்க் கீலை விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஊருல உங்க கேட் எல்லாத்துக்கும் கீலுக்கு மேல ஒரு இரும்புத் துண்டு வச்சு வெல்டிங் அடிச்சிருப்பீங்களே. கோயில் கேட்டுக்குக்கூட அடிச்சீங்க. எதுக்குன்னு நான் கேட்டேன்."

"எவனும் கேட்டைத் தூக்கிக் கழட்டக் கூடாதுன்னு. அது தடுப்பு."

"இதுக்கு?"

மாசிலாமணி கை ரத்தத்தைக் கைலியில் துடைத்தார்.

"வைக்கல."

"மறந்துட்டீங்களா?"

லாசர் மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி யாரையும் பார்க்கவில்லை.

"மறக்கல."

"பொறவு?"

"வேணும்னேதான் வைக்கல." குரல் உடைந்துவிட்டது. "என்னைக்காவது தாங்க முடியாமப் போச்சுன்னா தூக்கிட்டுப் போயிறலாம்னு. கடைக்கு. குடிக்கிறதுக்கு. கேட் அடிக்கும்போதே குடிக்க ஒரு வழி வச்சுத்தான் அடிச்சேன், உபதேசியாரே. போதுமா? இதைச் சொல்லவா நாளைக்குக் கோயில்ல? ஞானப்பூ பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பா. இந்தப் பக்கம் திறந்து கிடந்தது அவளுக்குத் தெரியாது. நான் அவளை ஏமாத்தி, ஊரை ஏமாத்தி..."

"எத்தனை தடவை தூக்குனீங்க?"

"என்ன?"

"கேட்டை. குடிக்கப் போறதுக்கு. எத்தனை தடவை தூக்குனீங்க?"

"தூக்கல."

"தாங்க முடியாத நாள் வரலையா?"

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. "வரலையா? என்ன பேசுறீங்க? தினமும் வந்துச்சு. அம்மா செத்த நாள் திரும்ப வந்தப்ப வந்துச்சு. மக கல்யாணத்தன்னைக்கு வந்துச்சு. தரையைப் பிறாண்டியிருக்கேன்."

"வழி இருந்துச்சு."

"இருந்துச்சு."

"ரெண்டு தூக்கு."

"ஆமா."

"ஏன் போகல?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். பூட்டு என்று சொல்ல வந்தார்.

சொல்ல முடியவில்லை.

பூட்டைப் பார்த்தார். சங்கிலியோடு தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டைப் பார்த்தார். திறந்த வாயை மூட மறந்துவிட்டார்.

"அப்ப என் பாட்டில்?" என்றார் லாசர், மெதுவாக.

"உள்ள கிடக்கு" என்றார் மாசிலாமணி. "போய் எடுத்துக்கோ."

லாசர் தொங்கின கேட்டுக்குப் பக்கத்தால் புகுந்து வராந்தாவுக்குள் போனார். பாட்டிலை எடுத்தார். எடுத்தவர் உடனே வெளியே வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வெளியே நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் அவனை வரச் சொன்னீங்களா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"சனிக்கிழமை வருவாருன்னு நீங்கதான சொன்னீங்க."

"அவன் உள்ள உருட்டினப்ப நான் எடுத்திருந்தா?"

உபதேசியார் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். மாசிலாமணி அப்போதுதான் கவனித்தார், அந்த மனுஷனின் சட்டையும் முழுக்க நனைந்திருந்தது. ஆங்கிள் கட்டை அத்தனை நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் இரண்டு உள்ளங்கையிலும் வரி வரியாகப் பதிந்திருந்தது.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி" என்றார். "நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போயிட்டு வாங்க."

"எங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

*

தெரு முனையில் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஒயின்ஷாப். வலது பக்கம் கோயில். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மாசிலாமணி அந்த முனைக்கே வர மாட்டார், பின்பக்கம் வாய்க்கால் வழியாகச் சுற்றித்தான் போவார்.

இன்றைக்கு நடு முனையில் நின்றார்.

கடை வெளிச்சம் ரோடு வரைக்கும் அடித்தது. உள்ளே பெட்டி இறக்குகிற சத்தம். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்த சிரிப்பு. சுரண்டல் நிற்கவில்லை. இன்னும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, கேட்டைக் கழட்டினதும் எல்லாம் பறந்துவிட்டது என்றெல்லாம் ஒன்றும் கிடையாது.

பின்னால் திரும்பிப் பார்த்தார். உபதேசியார் வரவில்லை. யாரும் வரவில்லை.

பிடிக்க ஆளில்லை. இழுத்துப் பார்க்க ஆளில்லை.



"ஏன் போகல?" என்று தனக்குள்ளே ஒருமுறை கேட்டுக்கொண்டார். உபதேசியார் கேட்ட அதே தொனியில்.

பிறகு நடந்தார்.

*

கோயில் வளாகத்தில் ட்யூப்லைட்டுக்குக் கீழே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு சுளகு. கல்லையும் நெல்லையும் பொறுக்கி ஓரத்தில் குவித்திருந்தார்கள். யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞானப்பூதான் முதலில் பார்த்தாள்.

அவள் கை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து வந்தாள். மடியில் இருந்த அரிசி கீழே கொட்டியது. அதைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கையில் ரத்தம். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. கால் நடுங்குகிறது. அவளுக்கு வேறு என்ன தோன்றும்? எல்லாம் போய்விட்டது என்றுதான் தோன்றும்.

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஊதுங்க" என்றாள் ஞானப்பூ. அத்தனை பேர் முன்னாலும்.

மாசிலாமணி ஊதினார்.

அவள் மூக்கைக் கிட்டக் கொண்டுவந்தாள். "இன்னொருக்கா."

இன்னொருமுறை ஊதினார்.

பூண்டு வாசம். புளியங்கொட்டை. வேறொன்றும் இல்லை.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், திரும்பவும் கண்ணைப் பார்த்தாள்.

"எந்த வழியா வந்தீங்க?"

"முக்கு வழியா."

"கடையைத் தாண்டியா?"

"அது வரைக்கும் போகல. முக்குல நின்னேன். இந்தப் பக்கம் திரும்பிட்டேன்."

அவள் குரல் கீழே இறங்கியது. "சாவி எங்கிட்டல்லா இருக்கு. பூட்டை உடைச்சீங்களா?"

"இல்ல."

"யாரு திறந்தா?"

"யாரும் திறக்கல, ஞானப்பூ." அவர் கீழே உட்கார்ந்து, கொட்டின அரிசியைக் கையால் கூட்டி அள்ளிச் சுளகில் போட்டார். "பூட்டு பூட்டினபடியேதான் தொங்குது. கீல் பக்கமா கேட்டைத் தூக்கிட்டு வந்தேன், அங்க என்னைக்குமே தடுப்பு இல்ல. நீ போய்ப் பாரு."

அவள் போகவில்லை.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

ஓரத்தில் பொறுக்கிக் குவித்திருந்த கல்லோடு அதைப் போட்டாள்.